ஜெர்மனி லேபுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, வேதியியல் பிஎச்.டி. இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். 'நம் நாட்டு எம்.எஸ்சி. அங்கே எடுபடுமா, எவ்வளவு பின்தங்கியிருப்பேன், ஜெர்மன் எந்த அளவு தெரியணும், குளிருக்கு என்ன வாங்கி வரணும்' என்று கேட்டிருந்தீர்கள். குளிருக்கு எதுவும் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். மொழி விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். லேபில் ஆங்கிலம் போதும், வீட்டு ஓனரிடம் போதாது. முதல் கேள்விதான் எனக்கு முக்கியம்.

பாடத்தில் நீங்கள் பின்தங்க மாட்டீர்கள். நெட், கேட் தேர்வுகளுக்கு உருப்போட்டுத் தேறியவர்கள் ரியாக்‌ஷன் மெக்கானிசத்தை இங்குள்ள மாணவர்களைவிட வேகமாகவே எழுதுவார்கள். குறை கைப்பழக்கத்தில். நான் படித்த கல்லூரியில், கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவி உறை போட்டுப் பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் உறை கழலும். இங்கே வந்த புதிதில் டெக்னீசியன் அம்மா ஒருவர் அதே மாதிரிக் கருவி முன்னால் உட்காரவைத்து, பம்ப்பைக் கழற்றி மாட்டச் சொன்னார். கை நடுங்கியது. "உடைந்தால் கம்பெனி ஆள் வருவார்" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இன்று எங்கள் லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கருவியைச் சொல்லித்தருவது நான்தான், ஜெர்மன்காரர்களுக்கும் சேர்த்து.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நம் பிராக்டிகலில் டைட்ரேஷன் ரீடிங் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. விடை முதலில், ரீடிங் பிறகு. ரெக்கார்டு நோட் சீனியருடையது. அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, மார்க் வாங்கும் வழி அது. ஐந்து வருடம் அப்படிப் பழகிய கையோடு இங்கே வராதீர்கள். இங்கே நோட்டில் பேனாவால்தான் எழுதணும். தப்பானதை ஒரு கோட்டால் அடிக்கலாம், தாளைக் கிழிக்கக் கூடாது. மூல டேட்டாவைப் பொதுவாக 10 ஆண்டு பத்திரப்படுத்தச் சொல்கிறது, ஆராய்ச்சிக்குப் பணம் தரும் டி.எஃப்.ஜி.யின் நெறிமுறை. குரூப் மீட்டிங்கில் 'ரியாக்‌ஷன் வரவில்லை' என்று சொன்னால் உங்களை யாரும் மட்டம்தட்ட மாட்டார்கள், ஏன் வரவில்லை என்று அரை மணி நேரம் பேசுவார்கள். நல்ல ஈல்டு (கிடைத்த விளைபொருளின் அளவு) வந்ததாகச் சொல்லி, அடுத்த மேஜைக்காரருக்கு அது வராமல் போனால்தான் ஆபத்து. கெட்டிக்காரரான நம்மவர் ஒருவர் இப்படித்தான் பாதியில் மூட்டை கட்டினார்.

இங்கே செட்டிலான சிலர் உங்களிடம் 'இந்தியாவில் சயின்ஸே கிடையாது' என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும் பேச்சு அது. ஜெர்மனி ஜி.டி.பி.யில் சுமார் 3 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இந்தியா 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பத்து லட்சம் பேருக்கு ஆராய்ச்சியாளர்கள் இங்கே 5,000க்கு மேல், அங்கே 300க்கும் கீழ். இங்கே ஆர்டர் போட்ட கெமிக்கல் பெரும்பாலும் ஓரிரு நாளில் மேஜைக்கு வந்துவிடும். அங்கே கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி என்சைம் வந்து சேரும்போது, அது கெடாமலிருக்க வைத்த டிரை ஐஸ் பறந்துபோயிருக்கும். அதற்கு நடுவிலும் ஆராய்ச்சிப் பேப்பர் வெளியிடுகிறவரை, கேட்டதெல்லாம் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறார்கள்.

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாமே கேம்பிரிட்ஜிலிருந்து 1951இல் லாகூர் போய்ப் பாடம் நடத்திவிட்டு, இயற்பியல் பேச ஆளில்லாமல் 1954இல் திரும்பிவிட்டார். அந்தத் தனிமை பிறருக்கு வரக் கூடாதென்று 1964இல் இத்தாலியின் டிரியெஸ்தேயில் ஒரு மையம் தொடங்கினார்: ஏழை நாட்டு விஞ்ஞானிகள் சில வாரம், சில மாதம் வந்து வேலை செய்துவிட்டுச் சொந்த நாட்டுக்கே திரும்பலாம். நோபல் பரிசு அவருக்கு 1979இல்தான் வந்தது. எனக்கென்னவோ அந்த மையம்தான் பெரிதாகப் படுகிறது.

என்னோடு இங்கே பிஎச்.டி. முடித்த நண்பர் ஒருவர் ஊர் திரும்பி அரசுக் கல்லூரியில் இருக்கிறார். முன்பெல்லாம் நள்ளிரவில் மெசேஜ் வரும், 'இந்தப் பேப்பர் பிடிஎஃப் கிடைக்குமா' என்று. 2025இல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டம் வந்து, சுமார் 13,000 ஆராய்ச்சி இதழ்கள் திறந்துவிட்டன. இப்போது அவர் பேப்பர் கேட்பதில்லை. மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுத்துத் தர முடியுமா என்றுதான் கேட்கிறார்.