அந்தக் கார்டை யாருக்குப் போடுவது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு நாவல் படித்தாள். இரண்டாம் உலகப்போர் சமயம், தாய் தகப்பன் இல்லாத அண்ணன் தங்கைகளை லண்டனிலிருந்து ரயிலேற்றி முன்பின் தெரியாத கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். “நிஜமாவே அனுப்பினாங்களாம்மா?” என்கிறாள். நடந்ததா? இந்த வயதில் இதெல்லாம் படிக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நடந்ததுதான் சகோதரி. 1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் குண்டு விழும் என்று பயந்த நகரங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர். அதில் 8 லட்சத்துக்கு மேல், அப்பா அம்மா கூட வராத பள்ளிப் பிள்ளைகள்.

கோட்டில் பெயர்ச்சீட்டு. தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே விஷவாயு முகமூடி. போய் இறங்கிய ஊரில் பல இடங்களில் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் நிற்க வைப்பார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துப் பார்த்துக் கூட்டிப்போவார்கள். வயல்வேலைக்கு ஆகிற பையன்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். பிரிய மாட்டோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்று பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த வீட்டில் இடமிருக்கும்? ஒரு பிள்ளை என்றால் அரசு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. ஒன்றுக்கு மேல் போனால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ்தான்.

பிள்ளைகள் கையில் ஒரு போஸ்ட்கார்டும் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதி வீட்டுக்குப் போட வேண்டும். பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்பதே பல தாய்மாருக்கு அந்தக் கார்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

பள்ளி நூலகத்தில் 26 வருஷம் வேலை பார்த்தேன். ஒருமுறை ஆறாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, அண்ணன் வளர்த்த பெண் ஒருத்தி எழுந்து, “அம்மா அப்பா இல்லாதவங்க அதை யாருக்கு மிஸ் போடுவாங்க?” என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து இந்தமாதிரிக் கதை எது கிடைத்தாலும் அந்த இடத்தைத்தான் தேடிப் படிக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு நல்ல மனுஷியைக் கொண்டுவந்து கண்ணைத் துடைத்துவிடும் கதை எனக்குப் பிடிப்பதில்லை. பெரியவன் தன் பங்கு ரொட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, பசியில் அவளிடமே எரிந்து விழ வேண்டும். பிள்ளைகளுக்கு அது புரியும்.

தாராளமாகப் படிக்கட்டும். கூட உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. கதையில் அதற்குப் பிறகும் மேஜை நிறையக் கேக் இருந்தால் எப்படி என்று கேட்கச் சொல்லுங்கள். பெரியவன் அந்தக் கார்டை யாருக்குப் போட்டிருப்பான் என்றும் கேளுங்கள். தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கிக் கொடுங்கள், அவனாக நினைத்து எழுதட்டும். எழுதினால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் பதில் போடுகிறேன்.