4.86 லட்சம் எஸ்டிமேட்டுக்கு நகைக்கடன் டாப்-அப் வாங்கலாமா?

கேள்வி: வயது 39. கோவையில் ஐ.டி. வேலை. கைக்கு வருவது மாதம் 1.42 லட்சம், வீட்டுக் கடன் தவணை 38,000. இரண்டரை வருடத்துக்கு முன், காலேஜ் நாளிலிருந்து இருந்த ஆசையில், 2014 மாடல் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 18.5 லட்சத்துக்கு வாங்கினேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல். அதில் 11 லட்சம் கடன், 13.5% வட்டி, ஐந்து வருடம், தவணை 25,300. வாங்கிய நான்காவது மாதமே கியர்பாக்ஸ் போனது. மனைவியின் ஆரத்தை வைத்து 1.8 லட்சம் வாங்கினேன். பிறகு ஏசி, டயர் என்று வளையல்களை வைத்து 90,000. போன மாதம் குன்னூர் ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தது. எப்படியோ மேலே போய்த் திரும்பி வந்துவிட்டோம். கம்பெனி சர்வீஸில் 4.86 லட்சம் எஸ்டிமேட். தெரிந்த மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும், 2.25 லட்சம் ஆகும் என்கிறார். இன்னொருவர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றுதான் போயிருக்கிறது, 55,000 என்கிறார். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைகளுக்கே இன்னும் 3 லட்சம் டாப்-அப் தருவதாக ஃபைனான்ஸில் சொல்கிறார்கள். மீதிக்கு மியூச்சுவல் ஃபண்டை எடுத்து, 15,000 எஸ்.ஐ.பி.யையும் நிறுத்திவிடலாமா? தை மாதம் மச்சினன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நிற்கிறார்கள்.

பதில்: எஸ்டிமேட்டும் ஸ்கேன் பிரின்டும் அனுப்பியிருந்தீர்கள், நல்லது. உங்கள் நீளக் கடிதத்தைச் சுருக்கி, கார் கம்பெனியின் பெயரையும் எடுத்துவிட்டேன். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் செலவு வைக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே பணத்தை எங்கே புரட்டுவது என்று இறங்கிவிடுகிறீர்கள். கியர்பாக்ஸுக்கும் இதுதான் நடந்தது, ஏசிக்கும் இதுதான். நகையைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கணக்கில் பணம். அது இருக்கிற தைரியத்தில் "எதை வைத்து இந்த பார்ட் போய்விட்டது என்கிறீர்கள்?" என்று எதிரே இருப்பவரை நீங்கள் கேட்பதே இல்லை.

மூன்று பேர் மூன்று தொகை சொல்வதில் அதிசயமில்லை. ஆனால் உங்களுக்கு மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கோளாறு சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்ப்போம். நான்கு இன்ஜெக்டர் 1.72 லட்சம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 2.10 லட்சம், பெட்ரோலை எரிக்கப் பொறி கொடுக்கும் காயில்களும் பிளக்குகளும் 46,000, கார்பன் கிளீனிங் 28,000, கூலி 30,000. ஸ்கேனில் இருப்பது இரண்டே கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்): பி0300, பி0303. முதலாவது, எங்கோ மிஸ்ஸிங் இருக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிறது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் என்கிறது. இன்ஜெக்டர் என்ற பேச்சே அதில் இல்லை. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் வழக்கமாக வருவது பி0420, அதுவும் இல்லை. கோடு வராததால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. மிஸ்ஸிங்கை நிறுத்தி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் அதன் நிலை தெரியும். ஆனால் அது தெரியும் முன்பே 2.10 லட்சத்தை எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நீங்கள் ஆரத்தின் மேல் டாப்-அப் தேடுகிறீர்கள்.

ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு பார்ட் எதுவும் வாங்க வேண்டாம். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட வேண்டும், ஒன்றாவதில் இருந்ததை மூன்றில். கோடுகளை அழித்துவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். இப்போது பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 என்றால் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட்: உள்ளே அழுத்தம் நிற்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. கம்ப்ரெஷன் சரியாக இருந்த பிறகுதான் இன்ஜெக்டர் பேச்சு வர வேண்டும். உங்கள் வண்டி டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வை அது கழுவுவதில்லை, கார்பன் படிந்துகொண்டே வரும். சின்ன கேமராவை உள்ளே விட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். படிவு இருந்தால் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். அந்த 28,000 நியாயமான செலவாகக்கூட இருக்கலாம். மலை ஏறும்போது, அதாவது இன்ஜினுக்கு லோடு வரும்போது, மிஸ்ஸிங் அடித்தது என்கிறீர்கள். அதற்குக் காயிலையும் பிளக்கையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் குலுங்கி, சூடானதும் சரியாகிறது என்றால் கார்பன் பக்கம் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு சோதனைக்கும் சில ஆயிரம் ஆகும். பத்தாயிரத்தைத் தாண்டினால் வேறு கடை பாருங்கள். பார்க்கும் கூலி தனி, சரி செய்யும் கூலி தனி என்று முதலிலேயே பேசி, முடிவுகளை எழுதி வாங்குங்கள். "இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்" என்பவரிடம் கம்ப்ரெஷன் எவ்வளவு காட்டியது என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எடுத்துக்கொண்டு என்றால் ரெக்கவரி வண்டியில். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியும்போது ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். பர்லியாறிலிருந்து மேலே போனது போகட்டும், இனி ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

இப்போது கணக்கு. ஓடுகிற நிலையில் இருந்தால் 13 லட்சம், இப்படியே கொடுத்தால் 8.5 லட்சம் என்று டீலர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கார் கடனில் அசல் இன்னும் சுமார் 6.4 லட்சம் நிற்கும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 30,000 என்று வைத்துக்கொள்வோம்; ஒப்பந்தத்தில் சரிபாருங்கள். இப்படியே விற்றால் 8.5-இல் 6.7 போக 1.8 லட்சம் மிஞ்சும். எஸ்டிமேட்டில் உள்ள எல்லாவற்றையும் செய்து விற்றால் 13-இல் 6.7, 4.86 இரண்டும் போக 1.44 லட்சம்தான். ஆக, 4.86 லட்சம் கொட்டி வண்டியின் விலையில் 4.5 லட்சத்தை ஏற்றப் போகிறீர்கள். அதையும் நகையை வைத்து! காயில், பிளக், கார்பன் என்று 60,000-க்குள் முடிந்துவிட்டால் கையில் நிற்பது 5.7 லட்சம். இரண்டு நகைக்கடனையும் அடைத்த பிறகும் 3 லட்சம் மிச்சம்.

வைத்துக்கொள்ளவே கூடாதா என்பீர்கள். தவணை 25,300, இன்ஷூரன்ஸ் மாதத்துக்கு 5,000, நகை வட்டி 2,700, பெட்ரோல் 4,500. ரிப்பேரைச் சேர்க்காமலே மாதம் 37,500. நீங்கள் ஓட்டுவது மாதம் 400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 94 ரூபாய். ஆசைக்கு விலை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சம்பளத்தில் வீட்டுக் கடனும் இல்லாமல், நகையும் பீரோவில் இருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நகைக்கடனைத்தான் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறீர்கள். மாதம் ஒரு சதவீதக் கணக்கில் ஆரத்துக்கு 26 மாதம், வளையலுக்கு 14 மாதம்: வட்டியாக மட்டும் ஏறக்குறைய 59,000 போயிருக்கிறது. அசல் 2.7 லட்சத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. டாப்-அப் வாங்கினால் அசல் 5.7 லட்சம். மூன்று வருடத்தில் அடைக்க மாதம் 19,000 தேவை. எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறுபடி வட்டி மட்டும்தான் கட்டுவீர்கள்.

"விலை ஏறிவிட்டது, அதே நகைக்குக் கூடுதல் பணம்" என்பது இப்போது எல்லாக் கிளையிலும் ஓடும் வியாபாரம். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள் 2.5 லட்சம் வரையான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்க இடம் தருகின்றன. அது அவர்கள் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு, நீங்கள் வாங்க வேண்டிய அளவு இல்லை. உச்சத்தில் வாங்கிவிட்டுத் தங்கம் கொஞ்சம் இறங்கினால், கூடுதல் பணம் கட்டச் சொல்லி போன் வரும்.

மியூச்சுவல் ஃபண்டையும் எஸ்.ஐ.பி.யையும் இதற்காகத் தொட வேண்டாம். ஃபண்டின் மேல் கடன் தருகிறோம் என்று செல்போனில் வரும் விளம்பரங்களுக்கும் இதே பதில்தான். டீலர் சொன்ன எக்ஸ்டெண்டட் வாரண்டி? ஏற்கெனவே இருக்கும் கோளாறு அதில் பெரும்பாலும் வராது. இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் என்று சேர்ப்பது தண்ணீர் புகுந்தது, ஆயில் கசிந்தது மாதிரி சேதங்களுக்கு. பழைய வண்டியின் தேய்மானத்துக்கு அதில் பணம் வராது.

சேமிப்புக் கணக்கில் 1.1 லட்சம் இருக்கிறது அல்லவா, அதுதான் உங்கள் எல்லை. சோதனையும் ரிப்பேரும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தால் செய்து, ஓட்டிக் காட்டி, விற்றுவிடுங்கள். கம்ப்ரெஷன் இல்லை என்று வந்தாலோ, தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, 8.5-க்கே தள்ளிவிடுங்கள். கிடைக்கும் 1.8 லட்சத்தில் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். கார் போனால் தவணை, இன்ஷூரன்ஸ் என்று மாதம் 30,000 மிஞ்சும். வளையல்களை அதில் மூன்று மாதத்தில் மீட்கலாம்.

மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு நல்ல திறந்த கார் பிடித்துக் கொடுங்கள். உங்கள் வண்டியில் பின்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார முடியாது, மாப்பிள்ளை அழைப்புக்கு அது எதற்கு? உங்கள் மனைவிக்கு அது சொந்தத் தம்பி கல்யாணம். ஆரமும் வளையலும் கழுத்திலும் கையிலும் இல்லாமல் அவர் மண்டபத்தில் நிற்பதைப் பற்றி, இவ்வளவு நீளக் கடிதத்தில் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. அடகுச் சீட்டுகளை எடுத்துக் கெடு தேதியைப் பாருங்கள். ஐப்பசி முடிவதற்குள் வண்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டால், தைக்குள் விற்றுப் பணத்தைக் கையில் வாங்க நாள் இருக்கிறது.