துறைமுக விபத்தின்போது மீட்புத் துறைகளின் வயர்லெஸ் தொடர்பை எப்படி மேம்படுத்தலாம்?

பாம்பன், இராமேசுவரம் போன்ற சிறு துறைமுகங்களில் விபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படை, கடலோரப் போலீஸ், தீயணைப்புத் துறை, துறைமுக அலுவலகம் ஆகியவை நேரடியாக வயர்லெஸில் பேசிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில் வயர்லெஸ் பராமரிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: புதிய கருவி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், யார், எந்தச் சேனலில், யாருடன் பேசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதே முதல் வேலை.

கப்பல்களும் துறைமுகங்களும் கடல்சார் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைவரிசையில் பேசுகின்றன. அபாய அழைப்புக்கான சேனல் 16 என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒதுக்கப்பட்டவை வேறு அலைவரிசைகள். ஆகவே ஒரே ஜெட்டியில் பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு அலுவலர்களின் வாக்கி டாக்கிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, அந்த அறைகள் தொலைபேசியில் பேசிக்கொள்ள, செய்தி சுற்றி வருகிறது. ஓர் ஒத்திகையில், தீக்காயம் பட்டவரை ஏற்றிய படகு வேறொரு ஜெட்டிக்குத் திருப்பப்பட்ட செய்தி இப்படிச் சுற்றி வந்து சேர்வதற்குள் படகு கரைசேர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸோ பழைய இடத்திலேயே காத்திருந்தது. உண்மையான விபத்தில் அந்தத் தாமதத்தை ஒருவர் உயிரால் ஈடுகட்ட நேரும் என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது.

இதற்கு எளிய தீர்வு, ஒரே மேசையில் எல்லாத் துறைகளின் செட்டுகளையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையின் ஆள் ஒருவரை உட்கார வைப்பது. கடலோரப் போலீஸ் செட்டில் வந்த செய்தியை அவர் நேரத்துடன் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட, அவர் தம் செட்டில் அதை அப்படியே வாசித்து, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் பழைய முறைபோலத் தெரியும். ஆனால் வேறு வேறு வகைச் செட்டுகளின் ஒலியை இணைக்கும் கேட்வே கருவி பழுதானாலும் இது நிற்காது. கேட்வே வாங்குவதாக இருந்தால், விபத்துக்கென்று ஒதுக்கிய ஒரு சேனலை மட்டுமே அதில் இணைக்க வேண்டும். அன்றாடப் பேச்சு ஓடும் சேனலை இணைத்தால் ஒரு துறையின் பேச்சு முழுவதும் மற்றத் துறையின் சேனலை அடைத்துவிடும்.

பொதுச் சேனல் கிடைத்த பிறகும் கட்டுப்பாடு வேண்டும். எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால் வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும். அமுங்கியவருக்குத் தம் பேச்சு போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. அதனால் ஒரு துறைக்கு ஒருவர் மட்டுமே பொதுச் சேனலில் பேச வேண்டும். சேனல் 16-இல் அழைத்துவிட்டு, வேலைப் பேச்சுக்கு வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். அந்தச் சேனல் சிம்ப்ளெக்ஸாக, அதாவது பேசவும் கேட்கவும் ஒரே அலைவரிசை உள்ளதாக, இருப்பது அவசியம். பேசவும் கேட்கவும் தனித்தனி அலைவரிசை உள்ள டூப்ளெக்ஸ் சேனலில் படகும் படகும் ஒன்றையொன்று கேட்க முடியாது.

நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் ஆன்டெனாவின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. 25 மீட்டர் கம்பத்திலிருந்து, 3 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள விசைப்படகுக்கு ஏட்டளவில் சுமார் 28 கிலோமீட்டர். கையடக்கச் செட்டுகளுக்கு இடையே இதைவிட மிகக் குறைவு. வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) ஒரே நேரத்தில் தேடுதல் நடந்தால், இருபுறமும் கேட்கும் உயரமான இடத்தில்தான் அந்தப் பொது மேசையின் ஆன்டெனா இருக்க வேண்டும். கைபேசியை நம்ப முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் அது இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பதும் உண்டு. புயல் நேரத்தில் மின்சாரம் போனால் டவர்களும் அடங்கிவிடும்.

இதற்கு நிர்வாக அடிப்படையும் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட மீட்புப் பணி ஒழுங்குமுறை, மாவட்ட ஆட்சியரைப் பொறுப்பு அலுவலராக வைத்து, தகவல் தொடர்புக்கெனத் தனிப் பிரிவையும் வகுத்திருக்கிறது. சேனல்களையும் பேசுவோரின் பொறுப்புகளையும் ஒரே தாளில் எழுதி எல்லாத் துறைகளுக்கும் கொடுக்கும் வேலையை அந்தப் பிரிவிடம் ஒப்படைக்கலாம். கரைத் துறைகள் கடல்சார் சேனலைப் பயன்படுத்த மத்திய அரசின் வயர்லெஸ் உரிமமும் முன்னதாகப் பெற வேண்டும்.

'சாகர் கவச்' பாதுகாப்பு ஒத்திகை இங்கு வழக்கமாக நடக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கைபேசிகளை அணைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்தையும் 108 ஆம்புலன்ஸையும் சேர்த்துக்கொண்டு, வயர்லெஸை மட்டும் வைத்து ஒரு படகைக் கரைசேர்க்கும்படி கேட்டுப் பார்க்கலாம்.