உரிமையாளரின் கொடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விளையாட்டு அணிகளின் உரிமையாளர்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். ‘கொடையைக் கண்டு மயங்க வேண்டாம்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அது இன்னமும் உறுத்துகிறது.

நான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா எங்கள் கால்பந்து அணியை வாங்கியபோது, தாய்லாந்திலிருந்து யாரோ ஒரு பணக்காரர் வருகிறார் என்றுதான் ஊரே நினைத்தது. அவரோ தன் பிறந்தநாளுக்கு மைதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் பீரும் டோனட்டும் வழங்கினார். குழந்தைகள் மருத்துவமனைக்கென 20 லட்சம் பவுன் கொடுத்தார். என் மகன் உடம்பு சரியில்லாமல் இந்த ஊர் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் நான் மனதுக்குள் கும்பிட்டவர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்ட மனிதரையும் மற்ற முதலாளிகளையும் ஒரே தராசில் வைக்கலாமா? நல்ல உரிமையாளருக்கு வேண்டிய தலைமைப் பண்புகள் எவை? வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் தலையிடலாமா? எங்கள் ரசிகர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். எதைச் சொல்லிப் பாராட்டலாம் என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். உங்களுக்குச் செல்வந்தர்கள் மேல் பொதுவாகவே ஒரு கசப்பு உண்டு என்று தோன்றுகிறது. தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகன் இப்போது நலமாக ஓடியாடிக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு யார் யார் மேலெல்லாமோ நன்றி பெருகும். அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். வேறு யாராவது சொன்னாலும் நீங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கசப்பு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒருவரைப் பற்றிக் கேள்வி கேட்டாலே அவர் மேல் வெறுப்பு என்று முடிவுகட்டுவது ரசிகர் மன்றங்களின் கெட்ட பழக்கம். இவ்வளவு நிதானமாகக் கடிதம் எழுதத் தெரிந்தவர் அதில் போய் விழலாமா? வீரர் தேர்வில் உரிமையாளர் தலையிடலாமா என்றால், கூடாது. பயிற்சியாளர் இருப்பது அதற்குத்தான். தலைமைப் பண்புகளுக்குப் பட்டியல் போடும் புத்தகங்கள் கடைக்குக் கடை இருக்கின்றன. இன்னொரு பட்டியலை நான் போடப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த மருத்துவமனைதான். கொஞ்ச காலமாக நான் யோசித்துக்கொண்டிருக்கும் வேறோர் உரிமையாளரின் கதையிலும் ஒரு மருத்துவமனை வருகிறது.

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த வேறு ஆட்டத்தில், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்று ஓர் அணி. 1961-ல் ஆர்ட் மொடெல் அதை வாங்கினார். முப்பது வருடங்களுக்கும் மேலாக அந்த ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவராக வாழ்ந்தார். உலகப் புகழ்பெற்ற கிளீவ்லாந்து கிளினிக்கின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். நீங்கள் விச்சாயைப் பற்றிச் சொல்வதுபோல மொடெலைப் பற்றிச் சொல்லவும் அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள். 1995 நவம்பர் 6 அன்று அவர் பால்டிமோரில் ஒரு மேடையேறி, அணியை அங்கே கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. பிரவுன்ஸ் ஆடும் பழைய மைதானத்தைப் புதுப்பிக்க, தாங்கள் கட்டிவந்த ஒரு வரியை இன்னும் சில காலம் நீட்டிக்கச் சம்மதமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு அது. அணி போகிறது என்ற செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் மக்கள் போய் வாக்களித்தார்கள். பெருவாரியாகச் சம்மதம் என்றே வாக்களித்தார்கள். அணி போயே போய்விட்டது.

மொடெல் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்குக் கடன் ஏறியிருந்தது. அதே ஊரில் பேஸ்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் புத்தம்புது அரங்கங்கள் எழும்பிவிட, அவர் பழைய அரங்கத்தோடு நின்றார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்திருக்கலாம். நான் கேட்பது வேறு. முப்பது வருட ஊர்ப்பாசமும் மருத்துவமனைச் சேவையும் அந்த நவம்பரில் கிளீவ்லாந்துக்காரர்களுக்கு எந்த விதத்தில் உதவின? எதிலும் இல்லை. ஏனென்றால், அணியைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரம் அத்தனை வருடமும் அவர் பையிலேயே இருந்தது. கொடை அந்த அதிகாரத்தை ஒரு துளியும் குறைக்கவில்லை. அது இருக்கிறது என்பதையே ஊர் மறந்துபோகும்படி செய்தது.

பால்டிமோர்க்காரர்கள் இதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்று அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. 1984 மார்ச்சில், பனி கொட்டிய ஒரு ராத்திரியில், அவர்களுடைய கோல்ட்ஸ் அணியின் உரிமையாளர் லாரிகளை வரவழைத்துச் சாமான்களை ஏற்றி அணியை இண்டியானாபோலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அணிக்கென்று ஒரு பேண்டு வாத்தியக் குழு இருந்தது. அவர்களுடைய சீருடைகள் அப்போது சலவைக்குப் போயிருந்ததால் லாரியில் ஏறவில்லை. அந்தச் சீருடைகளைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய லீகில் ஆட அணியே இல்லாத ஊரில், 1996-ல் மொடெலின் அணி வந்து சேரும் வரை அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் ஊரின் அழுகையை நிறுத்த இன்னோர் ஊரை அழவைக்க வேண்டியிருந்தது. எந்த ரசிகர் மன்றமாவது இந்தக் கதையை ஆண்டு மலரில் போட்டிருக்கிறதா? போட வேண்டும்.

ஒருவர் ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு வாளியையும் கயிற்றையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால், தண்ணீர் இனிக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதுமா? நீங்கள் பீரையும் டோனட்டையும் எழுதியிருக்கிறீர்கள். விச்சாய் செய்த ஆகப் பெரிய காரியம் உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை என்பதில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம். கிளப்புக்குத் தான் கொடுத்திருந்த 10 கோடி பவுனுக்கும் மேற்பட்ட கடனை அவர் பங்குகளாக மாற்றிவிட்டார். இதன் பொருள் என்னவென்று யோசித்தீர்களா? உரிமையாளர் கொடுத்த கடன் என்றால், மனம் மாறிய நாளில் ‘என் பணத்தை எடுத்து வை’ என்று அவர் கேட்கலாம், கிளப் விழுந்துவிடும். பங்காக மாறிவிட்டால் அந்த வாய்ப்பு போகிறது. தன் கையில் இருந்த ஒரு சாட்டையை அவரே கீழே போட்டார். இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மான்செஸ்டர் யுனைடெட். 2005-ல் கிளேஸர் குடும்பம் அந்தக் கிளப்பை வாங்கியபோது, வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. அங்கே மனம் வெறுத்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் தனியாகப் போய்ப் புதிதாக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்கள்.

5000-க்கு 1, வெல்லவே வெல்லாது என்று பந்தயக்காரர்கள் எழுதித் தள்ளிய அணி 2016-ல் இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகின் கோப்பையைத் தூக்கியது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 2018 அக்டோபர் 27 ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து எழுந்த ஹெலிகாப்டர் பக்கத்திலேயே விழுந்து, விச்சாய் உட்பட ஐந்து உயிர்கள் போயின. அவருக்காக நீங்கள் அழுதிருந்தால் அந்த அழுகை உண்மையானது.

ஆனால் அந்த ராத்திரியே இன்னொரு கேள்வியையும் ஊருக்கு முன்னால் வைத்தது. இனி இந்த அணி யாருடையது? மகன் அயவத் பொறுப்பேற்றார். நல்லபடியாகவே நடத்தினார். 2021-ல் கிளப் வரலாற்றிலேயே முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. தகப்பனைப் போலவே அவரும் கடனைப் பங்காக மாற்றினார். அப்படியும் 2023-ல் அணி பிரீமியர் லீகிலிருந்து அடுத்த நிலை லீகுக்கு இறங்கியது, அடுத்த ஆண்டு ஏறியது, மறுபடி இறங்கியது. அந்தக் குடும்பத்தின் செல்வம் தாய்லாந்தின் விமான நிலையங்களில் உள்ள வரியில்லாக் கடைகளிலிருந்து வருகிறது. 2020-ல் உலகமெங்கும் விமானங்கள் நின்றபோது, பாங்காக்கில் பயணிகள் இறங்காததற்காக லெஸ்டரில் நீங்கள் கவலைப்பட வேண்டியிருந்தது. ஓர் ஊரின் அணி எங்கே போய்க் கட்டப்பட்டிருக்கிறது பாருங்கள். உரிமையாளர் நல்லவரா என்று கேட்பது அவர் இருக்கும் வரைக்குமான கேள்வி. ஊருக்கு அதற்குப் பிறகும் ஆட்டம் இருக்கிறதே.

இங்கிலாந்தில் பரி என்ற ஊரின் கிளப் 1885-ல் தொடங்கியது. எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. மைதானத்தின் மேல் அடமானம் இருந்தது. அடுத்த ஆகஸ்டில், கடனைத் தீர்க்கப் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க முடியாமல் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. வெளியேற்றப்பட்ட அதே நாளில்கூட நூற்றுக்கணக்கான ஆட்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து, சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பி இருக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதான வாசலில் குழாயோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். சமூகத்தோடு அணிக்கு உள்ள உறவு என்று எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ அது முழுக்க அந்தத் துடைப்பங்களில் இருந்தது. பத்திரத்தில் மட்டும் அந்த மக்களுக்கு இடமில்லை.

அந்த இடத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர்தான் என் கணக்கில் நல்ல தலைவர். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், உங்களுக்குச் சலித்தாலும் பரவாயில்லை. மோசமான உரிமையாளர் இதை ஒருநாளும் எழுதித்தர மாட்டார். அவரிடம் கேட்டுப் பயனில்லை. நல்லவர் இருக்கும்போதுதான், ஊர் அவரைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அப்போதுதான் வாயடைத்து நிற்கிறீர்கள். நன்றிகெட்டவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். நன்றியும் கேள்வியும் ஒரே நெஞ்சில் இருக்கலாம், ஆர். உங்கள் நெஞ்சில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கிரீன் பே சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சிற்றூர். பிரவுன்ஸ் ஆடும் அதே லீகில், அமெரிக்காவின் மிகப் பணக்கார விளையாட்டு லீகில், அதற்கு ஓர் அணி இருக்கிறது. 1923-லேயே பங்குகளை ஊராரிடம் விற்றார்கள். இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாபப்பணம் கிடையாது, விலையேற்றி விற்கவும் முடியாது. அணியை விற்றால் வரும் பணத்தில் பங்குதாரர்களுக்குக் காசு போகாது என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். அன்று அது படைவீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு என்று இருந்தது, 1997-க்குப் பிறகு அறப்பணி அறக்கட்டளைக்கு என்று மாறியது. அணியை விற்பதால் எவனுக்கும் ஆதாயம் இல்லை என்றால் எவன் விற்பான்? அதனால்தான் பெரிய நகரங்களின் அணிகள் பலவும் ஊர்விட்டு ஊர் போனபோதும் அது அங்கேயே இருக்கிறது. இனி வேறெந்த ஊரும் இப்படிச் செய்ய முடியாதபடி அந்த லீக் விதி போட்டுவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் நாட்டிலேயே லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் கிளப் இருக்கிறது. மேத்யூ பென்ஹம் 2012-ல் பெரும்பான்மைப் பங்கை ரசிகர்களின் அறக்கட்டளையிடமிருந்து வாங்கினார். ஒரு சிறப்புப் பங்கு மட்டும் அறக்கட்டளையிடமே இருக்கிறது. மைதானத்தை விற்க வேண்டுமென்றால் அவர்கள் மறுத்துத் தடுக்கலாம். பென்ஹமும் அந்த அணியின் ரசிகராக வளர்ந்தவர், ஏராளமான பணம் போட்டவர். அந்த ஒரு பங்கால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அணி பிரீமியர் லீகுக்கும் போனது. வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப்பில் இப்படி ஏதாவது இருந்திருந்தால், 2012-ல் உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் நீலச் சட்டையைச் சிவப்பாக்கியிருக்க முடியுமா? நீலம் திரும்பி வர 2015 ஆனது. இப்போது இங்கிலாந்தில் சட்டமே வந்துவிட்டது. 2025-ல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் சின்னம், நிறம், மைதானம் போன்றவற்றில் உரிமையாளரின் கையைக் கொஞ்சம் கட்டுகிறது. வரவேற்கிறேன். ஆனால் சட்டம் கட்டுவதற்கு முன்பே தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் உரிமையாளரைப் பற்றித்தான் நான் பாட்டே பாடுவேன்.

ஆகவே கட்டுரையை எழுதுங்கள். விச்சாயைத் தாராளமாகப் பாராட்டுங்கள். டோனட்டுக்கு ஒரு வரி போதும். கடனைப் பங்காக்கியதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். பிறகு, உங்கள் மைதானம் இன்று யார் பெயரில் இருக்கிறது, அதை விற்கவோ அடமானம் வைக்கவோ யாருடைய கையெழுத்து தேவை, அதில் ரசிகர்களுக்கு ஏதாவது சொல் உண்டா என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். பிரிட்டனில் கம்பெனிப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மன்றத்தில் யாராவது முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்ப மறக்காதீர்கள்.

மகனுக்கு என் அன்பு.