கேமரா வெட்டிவிடும் மூன்று வாரம்: வீடு புதுப்பிப்பு கேள்வி பதில்

டிவியில் வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டில் கைவைக்கத் துணிந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் சிவில் பொறியாளர்.

கேள்வி (தாம்பரம்): சார், டிவியில் மூன்று நாளில் பாத்ரூமை உடைத்துப் புதிதாக்கிவிடுகிறார்கள். எங்கள் மேஸ்திரி மூன்று வாரம் கேட்கிறார். இழுத்தடிக்கிறாரா?

பதில்: இல்லை அம்மா, நியாயமாகத்தான் கேட்கிறார். அந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் வருவது அமெரிக்க வீடு. அதன் உள்சுவர் என்பது 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் ஜிப்சம் பலகை. குழாயும் ஒயரும் சட்டங்களுக்கு நடுவே போகும். பலகையைப் பெயர்க்க அரைநாள், புதிதாக அடிக்க ஒருநாள். சிமெண்ட் பூச்சே கிடையாது, அதனால் தண்ணீர் விட்டு ஆறவைக்கும் வேலையும் கிடையாது. குளிக்கும் இடத்தின் அடித்தட்டுகூட அச்சில் வார்த்துக் கடையில் கிடைக்கும்.

நம் வீட்டுக் கணக்கு வேறு. டைல் உடைத்துக் குப்பை இறக்க 2 நாள். குழாய் பதித்துச் சோதிக்க 2 நாள். பூச்சு ஒரு நாள், அதற்குத் தண்ணீர் விட 7 நாள். நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், அது காய 3 நாள், தண்ணீர் தேக்கிப் பார்க்க 2 நாள். டைல் ஒட்ட 4 நாள், இடுக்கு நிரப்பவும் குழாய் மாட்டவும் 2 நாள். கூட்டினால் மூன்று வாரம் தாண்டுகிறது. அதில் பாதிக்கு மேல் ஆள் வேலை செய்யும் நாள் அல்ல, காத்திருக்கும் நாள். கேமரா வெட்டிவிடுவது இதைத்தான். சுவர் ஈரமாகச் சும்மா நிற்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

எல்லா நிகழ்ச்சியும் அப்படியல்ல. 1979-ல் பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'திஸ் ஓல்டு ஹவுஸ்' டார்செஸ்டர் பகுதியில் ஒரே ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காட்டியது. அரைமணிக்கு ஒரு வீடு என்ற அவசரம் பிறகு வந்தது. உங்கள் மேஸ்திரி மூன்று வாரம் கேட்டால் கவலை வேண்டாம். ஆறே நாளில் முடிக்கிறேன் என்பவரிடம் எந்த நாளை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): மாடி பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். டைல் இடுக்குகளில் எபாக்ஸி நிரப்பினால் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: எங்கே கசிகிறது என்று தெரியாமல் எதை நிரப்பியும் பயனில்லை. முதலில் மூன்று சோதனை, ஒன்றன்பின் ஒன்றாக.

ஒன்று: அந்த பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடி, இரண்டு நாள் யாரும் குளிக்காமல் விடுங்கள். வால்வு மூடியிருக்கும்போது ஈரம் குறைந்து, திறந்துவிட்டதும் தரை காய்ந்திருக்கும்போதே திரும்பினால் சுவருக்குள் போகும் அழுத்தக் குழாயில்தான் கோளாறு. இரண்டு: தரைத்துளையைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். கீழே ஈரம் கூடினால் தரை அல்லது சுவரடி மூலை. மூன்று: தரை காய்ந்தபின், தேக்காமல் துளைக்குள் மட்டும் வாளி வாளியாக ஊற்றுங்கள். அப்போது ஈரம் வந்தால் நானி டிராப்பை (தரைத்துளைக்கு அடியில் பதித்த கிண்ணம்) சுற்றியுள்ள இணைப்பு அல்லது கழிவுக் குழாய். சும்மா நிற்கும் டைல் இடுக்கு மேல் பழியைப் போடும் முன் இதைச் செய்யுங்கள்.

தரைதான் என்று தெரிந்தால் டைலைப் பெயர்த்தே ஆக வேண்டும். அடியில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? பள்ளத்தளத்தில் (குழாய் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) உடைத்த செங்கல்லும் பழைய டைல் துண்டும் கொட்டி, மேலே கலவை போட்டு மூடியிருப்பார்கள். அந்தக் குப்பை ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். கூரான முனைகள் அடியில் பூசிய நீர்த்தடுப்புப் பூச்சைக் கிழிக்கும்.

சரியான வரிசை இது. குப்பையை முழுக்க அள்ளித் தளத்தைக் கம்பி பிரஷ் போட்டுக் கழுவுங்கள். குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கிரௌட் (இடைவெளி அடைக்கும் சிமெண்ட் கலவை) நிரப்புங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் 2 அங்குலத்துக்குக் கலவையை வளைத்துப் பூசுங்கள். செங்கோணமாக விட்டால் கோட் அங்கேதான் முதலில் வெடிக்கும். பிறகு நீர்த்தடுப்புக்குப் பாலிமர் கலந்த சிமெண்ட் கோட், இரண்டு முறை. முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. மூலையிலும் குழாயைச் சுற்றியும் இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணாடியிழை வலை. பள்ளத்தின் பக்கங்கள் முழுக்க ஏற வேண்டும். தரைமட்டத்துக்கு மேலே ஓர் அடி, ஷவர் சுவரில் ஆறடி.

ஒன்றை நேரில் நின்று பாருங்கள். பொடியும் திரவமும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒரே செட்டாகத்தான் வரும். பிரஷ் இழுக்கக் கஷ்டமாக இருந்தால் ஆள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். பார்க்க வழவழப்பாக இருக்கும், காய்ந்ததும் மாவு மாதிரி உதிரும். விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். பொடி ஒட்டினால் அந்தக் கோட் வீண்.

காய்ந்தபின் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் மட்டம் குறியுங்கள். வாளியில் குறைந்தது ஆவியானது; தரையில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் எங்கோ போகிறது. இதில் தேறியபின்தான் பள்ளத்தை நிரப்ப வேண்டும், ஏஏசி பிளாக் துண்டு மாதிரி எடை குறைந்த பொருளால். அதன்மேல் கலவைத்தளம், அதற்கும் ஒரு முறை கோட். வாட்டம் 5 அடிக்கு ஓர் அங்குலம் துளையை நோக்கி இருக்கட்டும். அந்த வாட்டம் கலவைத்தளத்திலேயே வர வேண்டும், டைல் ஒட்டும்போது சரிசெய்துகொள்ளலாம் என்பது ஏமாற்று.

வாசற்படியை மறக்காதீர்கள். படிக்கல்லுக்கு அடியில் கோட் போகாவிட்டால் தண்ணீர் அதன்கீழ் ஊர்ந்து படுக்கையறைக்கு வரும். ஆறு மாதம் கழித்து அங்கே சுவரடியில் பெயிண்ட் உப்புவதைப் பார்த்துப் பெயிண்டரைத் திட்டுவோம்.

கேள்வி (மதுரை): பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டலாமா அண்ணா? உடைக்கும் செலவு மிச்சம் என்று கடைக்காரர் சொன்னார்.

பதில்: அடியில் கசிவு இல்லாவிட்டால் ஒட்டலாம் தம்பி. ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்று ஒலி வருவதைப் பெயர்த்து அந்த இடத்தைக் கலவையால் நிரப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மேற்பரப்பை கிரைண்டரால் கீறிவிடுங்கள். தரை சுமார் 12 மில்லிமீட்டர் உயரும். கதவு உராயுமா, நானி டிராப் மூடி பள்ளத்தில் போகுமா என்று முன்பே பாருங்கள்.

இதற்கு சிமெண்ட் பால் ஆகாது. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, சிமெண்ட் பிடிக்க அதில் துளையே இல்லை. பையில் 'டைல் மேல் டைல்' என்று எழுதியுள்ள பசைதான் வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குகிறாரா? உடனே நிறுத்துங்கள். உருண்டைக்கு உருண்டை நடுவே காற்றுதான் இருக்கும், பீரோவின் கால் அங்கே நின்றால் டைல் விரியும். பல்கரண்டியால் ஒரே திசையில் வரி இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய ஐந்து நிமிடத்தில் ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள், முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். 2 மி.மீ. ஸ்பேசர் வைக்காமல் முட்ட முட்ட ஒட்டினால் மே மாத வெயிலில் தரை கூடாரம் போல எழும்பும்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): மைக் ஹோம்ஸ் நிகழ்ச்சியில் வேறு ஒப்பந்தக்காரர் கெடுத்த வீட்டின் சுவரைத் திறந்து காட்டுவார். எங்கள் பேஸ்மெண்டை வாடகைக்கு விடத் திருத்தப் போறம். தெரிஞ்ச தமிழ் ஆள் ஒருவர் பெர்மிட் இல்லாமல் மலிவாச் செய்து தாறன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த நிகழ்ச்சி காட்டும் பாடமே பலகை மூடும் முன் யாராவது பார்த்தார்களா என்பதுதான். பெர்மிட் எடுத்தால் அதற்கென்றே ஓர் ஆய்வாளர் வருவார். மரச்சட்டம், குழாய், ஒயர் எல்லாம் வெளியே தெரியும் நிலையில் பார்த்து ஒப்புதல் தந்தபின்தான் ஜிப்சம் பலகை அடிக்கலாம். ஒன்டாரியோவில் மின்வேலையைக் காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், அதை மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். வாடகைக்கு ஆள் தூங்கப்போகிற இடம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி, புகை அலாரம் இரண்டிலும் சமரசம் கூடாது.

வேலையில் பார்க்க வேண்டியது: மரச்சட்டம் கான்கிரீட் சுவரைத் தொடாமல் நிற்கட்டும், தரையோடு படுக்கும் சட்டத்துக்கடியில் ஈரத்தடுப்புப் பட்டை இருக்கட்டும். ஷவர் டைலுக்குப் பின்னால் பச்சை ஜிப்சம் பலகை போதாது, சிமெண்ட் பலகையும் அதன்மேல் நீர்த்தடுப்புச் சவ்வும் கேளுங்கள். தெரிந்தவர் என்பதற்காகச் சட்டம் இளகாது.

கேள்வி (கும்பகோணம்): ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுத்துவிட்டு டிவியில் வருவது போல ஒரே கூடமாக்க ஆசை. எங்கள் வீடு 60 வருடம் பழையது.

பதில்: சம்மட்டியைத் தொடாதீர்கள். அந்த வயது வீட்டில் பெரும்பாலும் தூண் இருக்காது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்கும். மெட்ராஸ் டெரஸ் (மரவிட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டது) கூரையாக இருந்தால் மரவிட்டத்தின் முனை சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். சுவரை எடுத்தால் விட்டமும் வரும். டிவியில் சிரித்துக்கொண்டே சுவரை உடைக்கும் காட்சிக்கு முன், இருபக்கமும் முட்டுக்கொடுத்து, மேலே புது உத்திரம் வைக்கப் பொறியாளர் கணக்குப் போட்டிருப்பார். அது திரையில் வராது. நாலரை அங்குலச் சுவர்கூட மேலே பரணையோ மாடிச்சுவரையோ தாங்கலாம். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து எழுத்தில் வாங்குங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது உலர்தூளாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம்: இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி (கோவை): மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தால் ஒழுகல் நிற்குமா?

பதில்: சூடு குறையும். ஒழுகல் நிற்காது. கைப்பிடிச் சுவரடி மூலையையும், தட்டோடு இடுக்கையும், மழைநீர்க் குழாய் வாயையும் சரிசெய்தபின் அடியுங்கள்.

கேள்வி (சேலம்): சிபிவிசி குழாய் பதித்து எட்டு மாதத்தில் சுவருக்குள் கசிகிறது. குழாய் நல்ல கம்பெனிதான். எங்கே தப்பு?

பதில்: குழாயில் அல்ல, இணைத்த கையில். குழாயைச் சாய்வாக வெட்டினால் பாதி விளிம்பு ஃபிட்டிங்கின் அடியைத் தொடாது. வெட்டியபின் உள்ளும் வெளியும் பிசிறு சுரண்ட வேண்டும். சிபிவிசிக்கு உரிய சால்வெண்டையே (ஒட்டும் பசை) இரண்டு பக்கமும் பூசி, உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பி, 30 விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் குழாய் தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். நேரில் பார்த்தால் தெரியும், அரை மில்லிமீட்டர்தான் நகரும், அது போதும். இன்னொரு வழக்கமான தப்பு, பிளாஸ்டிக் மரை உள்ள ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, ரெஞ்சால் முறுக்குவது. அன்று ஒழுகாது, மாதங்கள் கழித்து மயிரிழையாக விரியும். குழாய் மாட்டும் இடத்தில் பித்தளை மரை உள்ளதையே போடச் சொல்லுங்கள்.

ஒட்டிய மறுநாள், பூச்சுக்கு முன், கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி முள்ளைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் முள் இறங்கினால் இணைப்பைத் தேடுங்கள். தேறியபின் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது உதவும்.

கேள்வி (புதுச்சேரி): பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? முன்பணம் பாதி கேட்கிறார்.

பதில்: பொருளை நீங்களே வாங்கினால் கூலியில் 10 சதவீதம் முன்பணம் போதும். மீதியைத் தேதிக்கு அல்ல, வேலைக்குக் கட்டுங்கள்: குழாய் அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் தேக்கும் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, டைல் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மேஸ்திரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார், ஆனால் தினக்கூலியை மட்டும் சனிக்கிழமை தவறாமல் கேட்பார். அதைத் தள்ளிப்போடாதீர்கள், கொத்தனாரும் சித்தாளும் அந்தக் காசில்தான் வாரத்தை ஓட்டுகிறார்கள்.