கடுகு வாயு பட்ட கண்ணும் சுண்ணாம்பு பட்ட கண்ணும்

கேள்வி: நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன மழைக்காலத்தில் அழுகல் நோய்க்குத் துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலக்கும்போது வலது கண்ணில் தெறித்துவிட்டது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈரான் - ஈராக் போரில் விஷவாயு பட்ட வீரர்களுக்கு இருபது, முப்பது வருஷம் கழித்துப் பார்வை போனதாக டி.வி.யில் காட்டினார்கள். எனக்கும் அப்படி ஆகுமா டாக்டர்?
- வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அந்த வீரர்களைக் கெடுத்தது வேறு சரக்கு, அது கெடுக்கும் விதமும் வேறு.

அதன் பெயர் கடுகு வாயு. கடுகுக்கும் அதற்கும் வாசனையைத் தவிர உறவில்லை. வாயு என்பதும் பேச்சுக்குத்தான், உண்மையில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். அதன் ஆவிதான் கண்ணைத் தாக்குகிறது. 1917இல் பெல்ஜியத்தின் ஈப்ர ஊரருகே ஜெர்மனி முதலில் வீசியது. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் ஈரானியர் மீது ஈராக் வீசியது. 1987இல் சர்தஷ்த் என்ற ஊரில் பொதுமக்கள் மீதே போட்டார்கள்.

இதன் சூது என்னவென்றால், பட்டதும் எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் மண்ணை வாரிப் போட்டதுபோல உறுத்தி, இமை வீங்கி, கண்ணைத் திறக்கவே முடியாமல் போகும். அதற்குள் அது செல்லுக்குள் புகுந்து மரபணுவோடு ஒட்டியிருக்கும். அந்தச் செல் உடனே சாகாவிட்டாலும் பெருகும் சக்தி போய்விடும்.

கருவிழியின் மேல்தோல் வாரம், பத்து நாளில் புதுசாகிக்கொண்டே இருக்கும். அதற்கான நாற்றங்கால், கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில் இருக்கிறது. ஸ்டெம் செல் என்கிறோமே, அவை. கடுகு வாயு பட்ட பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் வருஷக்கணக்கில் அந்த நாற்றங்கால் மெல்ல மெல்லக் காலியாகிறது. கருவிழி நரம்பு மரத்து, கண் வறண்டு, கண்ணாடி போல இருக்க வேண்டிய இடத்தில் ரத்தக்குழாய் படர்ந்து, கடைசியில் பூ விழுகிறது. டி.வி.யில் நீங்கள் பார்த்தது இவர்களைத்தான். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

சுண்ணாம்பு அப்படி ஒளிந்திருந்து தாக்காது. காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிர்ச்சரக்கு) என்பதால் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். சேதம் பெரும்பாலும் முதல் சில நிமிஷத்திலேயே முடிவாகிவிடும். மலையிலிருந்து ஜீப்பில் ஒருவர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் யாரோ தாய்ப்பால் பீய்ச்சியிருந்தார்கள். மேல் இமையைப் புரட்டினால், அரிசி நொய் அளவு சுண்ணாம்புக் கட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தது! ஒன்றரை மணி நேரமாகக் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. தோட்டத்துக் குழாயில் அரை மணி நேரம் கழுவிவிட்டு வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இன்னொன்று, சிவந்த கண்ணைவிட, காரம் பட்டும் ஓரம் வெளுத்துப்போய் வலியில்லாமல் இருக்கும் கண்தான் எங்களைக் கவலைப்பட வைக்கும். ரத்தக்குழாயும் நரம்பும் கருகிவிட்டன என்று அர்த்தம்.

உங்களுக்கு ஒரு வாரத்தில் ஆறியது என்றால் நாற்றங்கால் பிழைத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மஞ்சள் நிறச் சாயச் சொட்டு மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்போம்; தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் சில, சாரின் போன்ற நரம்பு விஷங்களுக்குப் பங்காளிகள். அவை கருவிழியில் தழும்பு போடுவதில்லை. கண்மணியைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கிவிடும். மருந்தடித்த அன்று பார்வை மங்கி, வேர்த்துக் கொட்டி, எச்சில் ஊறினால் கண் டாக்டரைத் தேடாதீர்கள். உடுப்பை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.