வேலியும் பயிரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தக்கலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் அக்காவுக்கு 42 வயதில் முடக்குவாதம் வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் வெகுநேரம் விரல்களை மடக்க முடிவதில்லை. நாகர்கோவிலில் பார்க்கும் மருத்துவர், அவளுடைய நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்குவதாகச் சொல்லி, அதை அடக்க மாத்திரை தந்திருக்கிறார். வீட்டுக்கு வரும் உறவினர்களோ, எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இந்த நோய் என்று சொல்லி, மூலிகைகளுக்குப் பேர்போன மருந்துவாழ்மலையின் பொடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வேலியே பயிரை மேயுமா? மேயக் கூடாது என்று அதற்குக் கற்பித்தது எது, இத்தனை வயதுக்குப் பிறகு அது ஏன் மறந்தது?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள வாசகிக்கு,

வேலி மேயக்கூடும் என்பதை உடல் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாளை எந்தக் கிருமி வரும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே எதிர்ப்பு அமைப்பின் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல் ஒவ்வொன்றும் எதைப் பற்றிக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பி (செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதம்), மரபணுத் துண்டுகளைக் குலுக்கி இணைத்து, ஏறக்குறையத் தற்செயலாகவே உருவாக்கப்படுகிறது. இதுவரை உலகில் தோன்றாத ஒரு வைரஸை அடையாளம் காணும் செல்லும் நம்மிடம் முன்கூட்டியே இருக்கக்கூடியது இதனால்தான்; கணையத்தையும் தைராய்டையும் மூட்டுகளையும் பகையாகக் கொள்ளும் செல்கள் பிறப்பதும் இதே காரணத்தால்தான். ஒன்றைப் பெற்று மற்றதைத் தவிர்க்க வழியில்லை. உடல் தன்னையே தாக்கிக்கொள்வதை இயற்கை அஞ்சி விலக்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் கருதினார். அப்படி விலக்குவதற்கு உடல் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதல் சோதனை நடக்கிறது. 1961இல் ஜாக் மில்லர் என்னும் விஞ்ஞானி, அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளிலிருந்து அதை அகற்றிப் பார்க்கும்வரை, அதன் பயன் என்னவென்றே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து அங்கே வந்து வளரும் இளம் செல்களில், நம் செல்கள் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்குகளைப் படிக்கவே இயலாதவையும், நம் புரதங்களை மிக வலுவாகப் பற்றிக்கொள்பவையும் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு மிகச் சிலவே வெளியேறுகின்றன. இன்சுலின் கணையத்தில் சுரப்பதாயிற்றே, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் அதை எப்படிக் காட்டிச் சோதிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அங்குள்ள சில செல்கள் ஏயர் என்னும் மரபணுவின் துணையால் பிற உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறு அளவில் தாமே உற்பத்தி செய்கின்றன. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான். அந்த மரபணு பழுதானவர்களுக்குப் பல சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்படுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் சில தப்பிவிடுகின்றன. நலமாக இருக்கும் உங்கள் உடலிலும் என் உடலிலும் அவை இருக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் தனி வகை டி செல்களை 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். ஒரு வகை எலிகளில் ஆண்குட்டிகள் சில வாரங்களிலேயே தன்னெதிர்ப்பால் இறந்துகொண்டிருந்தன. அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவை 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டறிந்தார்கள். அடக்கும் செல்கள் உருவாக அந்த மரபணுவே அடிப்படை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது.

ஆகவே இது ஒருமுறை கற்று முடித்த பாடமன்று, வாழ்நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கும் காவல். அது தளர்வதற்குப் பரம்பரைக் கூறும், புகைபிடித்தல் போன்ற புறக்காரணங்களும் சேர்ந்தே இடம்கொடுக்கின்றன. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அந்நோயாளிகள் பலரிடம், நம் புரதங்களிலுள்ள அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறிய வடிவத்துக்கு எதிராக நோய் எதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் பொருள்கள் ரத்தத்தில் காணப்படுகின்றன. ஆன்டி சிசிபி என்ற பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை தோன்றிவிடுவதுண்டு என்பதால், உங்கள் அக்காவின் நோயும் 42 வயதில்தான் தொடங்கியது என்று கொள்ள வேண்டியதில்லை.

உறவினர்கள் அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியைக் கூடுவதும் குறைவதுமான ஒற்றை அளவாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. இங்கே குறைந்திருப்பது எதிர்ப்பன்று, அதன் அடக்கம். மருத்துவர் மாத்திரை தந்ததற்குக் காரணமும் அதுவே. மருந்துவாழ்மலை என்ற பெயருக்கு நம் குமரி மாவட்டத்தில் இருக்கும் மதிப்பினால், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது மெத்தோட்ரெக்ஸேட்டாக இருந்தால், முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும், தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மூலிகைப் பொடிகளிலும் கல்லீரலுக்குத் தீங்கு செய்பவை உண்டு. எனவே அடுத்த முறை நாகர்கோவிலுக்குப் போகும்போது பொட்டலத்தையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்; அதுவரை பொடியை நிறுத்திவைக்கலாம், மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.